இஸ்திரி வண்டியில் ஏறி இறங்கிய சர்க்கரை

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். வலது கையை பைபிளின்மேல் வைத்துக்கொண்டு இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதற்கு என் நேர்மைதான் காரணம்.

டிசம்பர் எட்டாம் தேதி, திங்கட்கிழமை காலை எட்டரை மணி. பெங்களூரு ரிச்சர்ட்ஸ் டவுனில் எங்கள் தெரு மழைமரத்தடியில் இருக்கும் இஸ்திரி வண்டிக்கு முன்னால் நின்றுகொண்டு கிளெமென்ட் சொன்னார்:

"எத்தி, சட்டைக் கையை மேல சுருட்டு."

"என் சட்டையா சார், உங்க சட்டையா?"

"உன்னுதுதான்யா. சீக்கிரம். மேடம் கோயில்லேர்ந்து வந்துடுவாங்க."

இஸ்திரிக்காரர் எத்திராஜ் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். ஐம்பது வயது. உடம்பில் சதை என்று சொல்ல எதுவும் கிடையாது. கிளெமென்ட்டின் பேன்ட்டை மாட்டினால் உள்ளே இன்னொருவருக்கும் இடம் இருக்கும். கிளெமென்ட்டின் கையில் இருந்ததை அவர் சந்தேகமாகப் பார்த்தார்.

"இன்னா சார் அது, ரப்பர் ஸ்டாம்ப் கணக்கா?"

"சுகர் பார்க்கிற மெஷின். அழுத்தினா உள்ள இருக்கிற பொத்தான் கையில ஒட்டிக்கும். பதினாலு நாள் அது பாட்டுக்கு இருக்கும்."

"எனக்குத்தான் சுகர் இல்லியே சார்?"

"அதனாலதாம்பா."

கிளெமென்ட்டைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். டெலிபோன் ஃபேக்டரியில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வயது அறுபத்தெட்டு. சர்க்கரை வந்து பதினைந்து வருடம். படுக்கப் போகும்முன் வயிற்றில் ஒரு இன்சுலின் ஊசி, பதினான்கு யூனிட். அதெல்லாம் பெரிய விஷயமில்லை. எங்கள் தெருவில் சர்க்கரை இல்லாத பெரியவர்களை எண்ண ஒரு கை விரல்கள் போதும்; அதிலும் இரண்டு விரல் மிஞ்சும்.

பெரிய விஷயம், நாற்காலி.

ஒவ்வொரு வருடமும் கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிறு எங்கள் தேவாலயப் பங்கு மண்டபத்தில் கேக் போட்டி. பதினோரு குடும்பங்கள். செப்டம்பரிலேயே திராட்சையையும் ஆரஞ்சுத் தோலையும் ரம்மில் ஊறப் போட்டுவிட்டு, பக்கத்து வீட்டுக்காரர் வந்தால் ஜாடியைத் துணி போட்டு மூடுகிற குடும்பங்கள். நடுவர் ஒருவர்தான். மண்டபத்தில் கை வைத்த நாற்காலியும் ஒன்றுதான், அது அவருக்கு. விதி கடுமையானது: ஒவ்வொரு கேக்கிலும் ஒரு விரல் நீளத் துண்டை முழுசாக மென்று விழுங்க வேண்டும். மிச்சம் வைத்தால் அந்த வீட்டு அம்மா அடுத்த ஈஸ்டர் வரை முகம் கொடுக்க மாட்டார்.

பத்தொன்பது வருடமாக அந்த நாற்காலியில் கிளெமென்ட்தான். மற்ற முந்நூற்று அறுபத்து நான்கு நாளும் அவர் சொல்வதை வீட்டுப் பூனைகூடக் காதில் போட்டுக்கொள்ளாது. அந்த ஒரு நாள் மட்டும், அவர் கண்ணை மூடி மெல்லும்போது பதினோரு குடும்பங்கள் மூச்சு விடாமல் அவர் தாடையையே பார்த்துக்கொண்டிருக்கும். ஒரு மனிதனுக்கு வேறு என்ன வேண்டும்?

இந்த வருடம் டாக்டர் ஸ்னேஹா குறுக்கே வந்தார்.

"அங்கிள், கேக் போட்டி வரைக்கும் பதினாலு நாள். கிராஃப் பச்சைப் பட்டையைத் தாண்டி மேல ஏறாம இருக்கணும். இருந்துச்சுன்னா போய் டேஸ்ட் பண்ணுங்க, நான் ஒண்ணும் சொல்லல. இல்லேன்னா ஊசி ஒரு வேளை கிடையாது. நாலு வேளை."

மனைவி ரெஜினா அதற்கும் மேலே ஒரு படி போனார். "கோடு மேல போச்சுன்னா அன்னிக்கே ஃபாதர்கிட்ட சொல்லிடுவேன். நாற்காலியில கில்பர்ட் அண்ணன் உக்காரட்டும்."

கில்பர்ட் எதிர்வீட்டுக்காரர். நல்ல மனிதர். நிறையச் சொல்லலாம், சத்தியம் செய்திருப்பதால் இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

சரி, பொத்தானுக்கு வருவோம். ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு இருக்கும். மேல்கையின் பின்பக்கம் ஒட்டிவிட்டால், முடி போன்ற ஒரு கம்பி தோலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். நிமிஷத்துக்கு நிமிஷம் சர்க்கரையை அளந்து கிளெமென்ட்டின் ஃபோனுக்கு அனுப்பும். அந்த ஃபோன் ரெஜினாவின் ஃபோனுக்குச் சொல்லும். ஊருக்கு அந்தக் கோடியில், ஹெப்பகோடியில் குடியிருக்கும் மகள் பிரிசில்லாவின் ஃபோனுக்கும் சொல்லும். பாவசங்கீர்த்தனம் செய்தால் அது ஃபாதரோடு போய்விடும். இந்தப் பொத்தானிடம் செய்த பாவம் ஹெப்பகோடி வரை போகும். பின்கட்டில் நின்று பாதி அச்சு முறுக்கை வாயில் வைத்தால், மீதிப் பாதியை வைப்பதற்குள் மணி அடிக்கும்: "அப்பா, இப்ப என்ன சாப்பிட்ட?"

ஆகவே கிளெமென்ட்டின் திட்டம் இது. காலாவதியான பழைய பொத்தான் அவர் கையிலேயே இருக்கும். பார்ப்பவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. புதுப் பொத்தான் எத்திராஜின் கையில். ஃபோன் வராந்தா சுவரின் மேல். வராந்தாவுக்கும் இஸ்திரி வண்டிக்கும் பதினைந்தடி தூரம். எத்திராஜின் சர்க்கரை, கிளெமென்ட்டின் பெயரில் ஊரெல்லாம் போகும்.

"எனக்கு இன்னா சார் கிடைக்கும்?" என்றார் எத்திராஜ்.

"போட்டி முடிஞ்சதும் கேக்."

"துண்டா?"

"முழு கேக்."

எத்திராஜ் சட்டைக் கையைச் சுருட்டினார்.

முதல் இரண்டு நாள் கிளெமென்ட் சொர்க்கத்தில் இருந்தார். கிராஃப், இஸ்திரி போட்ட வேட்டி மாதிரி சுருக்கமில்லாமல் கிடந்தது. தொண்ணூற்று இரண்டு, தொண்ணூற்று ஆறு. கிறிஸ்துமஸுக்குப் பொரித்துச் சர்க்கரைப் பாகில் புரட்டிய கல்கல்லை அவர் பாட்டுக்கு டப்பாவிலிருந்து எண்ணாமல் எடுத்துத் தின்றார். பிரிசில்லா ஃபோன் செய்து, "சூப்பர்ப்பா! ஐ'ம் ப்ரௌட் ஆஃப் யூ," என்றாள். வாய் நிறையக் கல்கல் இருந்ததால் அவர் பதில் சொல்லவில்லை. அப்பா உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் காலை அதே பிரிசில்லா மறுபடி கூப்பிட்டாள்.

"அப்பா, தினமும் ராத்திரி ஏழு மணியிலேர்ந்து பன்னெண்டரை வரைக்கும் கோடே காணோம். அந்த நேரத்துல நீ எங்க போற?"

எத்திராஜ் ஏழு மணிக்கு வண்டியை மூடிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். பொத்தானுக்கு எட்டு மணி நேரம்தான் ஞாபகம். காலை எட்டரைக்கு அவர் வரும்போது பன்னிரண்டரைக்குப் பிறகு நடந்ததை மட்டும் ஒப்பிக்கும். அதற்கு முன்னால் நடந்தது போனது போனதுதான். இது கிளெமென்ட்டுக்குத் தெரியாது. ஆனாலும் சட்டென்று ஒரு பதில் வந்தது.

"ஜெபமாலை சொல்றேம்மா. அப்ப ஃபோனை அணைச்சிடுவேன். காலையிலதான் மறுபடி ஞாபகம் வருது."

"தினமுமா?"

"தினமும்தான். தனியா ரூம்ல உக்காந்து."

ரெஜினா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கல்யாணமாகி நாற்பது வருடத்தில் கணவன் தானாக ஜெபமாலையைத் தொட்டு அவர் பார்த்ததில்லை. கண் கலங்கிவிட்டது. "ஏங்க தனியா சொல்றீங்க?" என்றார். அன்று மாலை ஏழு மணிக்குப் பங்கின் மாதர் சங்கத்திலிருந்து பன்னிரண்டு பேர் பாய் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். கிளெமென்ட் நடுக்கூடத்தில் முழந்தாளிட்டு அவர்களுக்கு முன்சொல்ல வேண்டியதாயிற்று. அன்றைக்கு மட்டுமில்லை, தினமும்.

உள்ளே போன கல்கல் வேறு தன் வேலையைக் காட்டத் தொடங்கியது. தொண்டை வறண்டது, ஒரு ஜெபமாலைக்குள் ஆறு தடவை பாத்ரூமுக்கு எழுந்து ஓடினார். "பாவம், நம்ம முன்னால அழக் கூச்சப்படுறாரு," என்றார் மாதர் சங்கத் தலைவி.

வியாழக்கிழமை மதியம் ஒன்றரை மணிக்கு ஃபோன் அலறியது.

ரெஜினா சமையலறையிலிருந்து ஓடிவந்தார். "அறுபத்தாறு! லோ ஆயிடுச்சு! உக்காருங்க, உக்காருங்க!"

கிளெமென்ட் அப்போதுதான் எட்டு கல்கல்லை முடித்துவிட்டு உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். "எனக்கு ஒண்ணுமில்லையே."

"லோ ஆனவங்க எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. குடிங்க!"

ஒரு கிளாஸ் குளுக்கோஸ். ஆரஞ்சு வாசனை. பத்து நிமிஷம் கழித்துப் பார்த்தால் அறுபத்து மூன்று.

"என்னங்க இது, குடிக்கக் குடிக்க இறங்குது!"

இரண்டாவது கிளாஸ். அறுபது. பிரிசில்லா வீடியோவில் வந்துவிட்டாள். "அம்மா, அப்பா மூஞ்சியைக் காட்டு. வேர்க்குதா?"

"ஐயோ, கொட்டுதுடி!"

பயத்தில் வேர்த்தது. மூன்றாவது கிளாஸ் வந்தது. மூன்றாவது கிளாஸில் அது நாக்குக்கு அடியில் மாவு மாதிரி ஒட்டிக்கொள்ளும், குடித்தவர்களுக்குத் தெரியும். ஐம்பத்தெட்டு.

"அம்மா, ஆம்புலன்ஸைக் கூப்பிடு!"

கிளெமென்ட் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். ஏதோ கல்யாண வீட்டு மூட்டை, மலை மாதிரி வண்டியில் கிடந்தது. சோற்றுத் தூக்கைத் திறக்காமல், எத்திராஜ் லேசாக ஆடிக்கொண்டே ஒரு பட்டுவேட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

கிளெமென்ட் எழுந்தார். கொடியில் கிடந்த பேன்ட்டை உருவினார்.

"எங்க போறீங்க?"

"இஸ்திரி போட்டுட்டு வந்துடறேன்."

"இப்பவா?"

"ஆஸ்பத்திரிக்கு சுருங்கின பேன்ட்டோட போகச் சொல்றியா?"

ரிச்சர்ட்ஸ் டவுன் பெண்மணி இதற்கு என்ன பதில் சொல்வார்? கிளெமென்ட் பாக்கெட் நிறையக் கல்கல்லோடு வண்டிக்கு ஓடினார்.

"சாப்டியாய்யா?"

"இல்ல சார், ஆனேக்கல் பார்ட்டி, மூணு மணி பஸ்ஸுக்கு..."

"வாயைத் தொற."

ஒன்று, இரண்டு, ஐந்து. எத்திராஜ் மென்று விழுங்கினார். "நல்லாக்கீதே சார். இன்னும் கீதா?"

கால் மணி நேரத்தில் நூற்று நான்கு. ரெஜினா சிலுவை போட்டுக்கொண்டார். விஷயம் டாக்டர் ஸ்னேஹாவுக்குப் போயிற்று. "குட், அங்கிள். உடம்பு தேறிட்டு வருது, அதான் இறங்குது. இன்சுலினைப் பத்து யூனிட்டாக் குறைச்சிடலாம்," என்றார். கிளெமென்ட் அதைப் பதவி உயர்வு மாதிரி எடுத்துக்கொண்டார். உள்ளே போன மூன்று கிளாஸ் குளுக்கோஸைப் பற்றி அவர் நினைக்கவில்லை. அது அவரைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தது.

மறுநாளிலிருந்து வேறு தொல்லை. எத்திராஜுக்குக் கல்கல் ருசி பிடித்துவிட்டது. கிறிஸ்துமஸ் மாதம் வேறு. துணி கொடுக்கிற ஒவ்வொரு வீடும் ஒரு தட்டுப் பலகாரமும் சேர்த்துக் கொடுத்தது. போதாததற்கு ஒரு நாளைக்கு ஆறு டீ. வெள்ளிக்கிழமை மாலை கோடு பச்சைப் பட்டையின் மேல் விளிம்பில் போய் முட்டி நின்றது. நூற்று எழுபத்தெட்டு. இன்னும் மூன்று ஏறினால் நாற்காலி போயிற்று.

"பாக்கெட்டைக் காட்டுங்க!" என்றார் ரெஜினா.

"சத்தியமா இன்னிக்கு நான் எதையும் தொடலை!"

அன்று அவர் உண்மையிலேயே எதையும் தொடவில்லை, வயிறு சரியில்லை. பதினைந்து வருடத்தில் அவர் உண்மை பேசிய ஒரே நாள் அதுதான். ரெஜினா பாகற்காய் ஜூஸை ஒரு டம்ளர் நிறைய நீட்டினார்.

குடித்த கசப்போடு கிளெமென்ட் வண்டிக்குப் போனார்.

"எத்தி, டீயில சர்க்கரை போட்டியா?"

"ஒரே ஒரு ஸ்பூன் சார்."

"பொய் சொல்லாத. எனக்கு நம்பர் தெரியும்."

"ரெண்டு."

"அந்த டப்பாவுல என்ன?"

"ஒண்ணுமில்ல சார். அச்சு முறுக்கு. சும்மா பாத்துனு இருந்தேன்."

"உன் நல்லதுக்குத்தானே சொல்றேன்? கண்ணு போகும், கிட்னி போகும், அப்புறம் யாரு பார்க்கிறது?"

எத்திராஜ் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "மேடம் மாதிரியே பேசுறீங்க சார்."

அது கிளெமென்ட்டைச் சுட்டது. ஆனால் நாற்காலி முக்கியம். சாப்பிட்டதும் அரை மணி நேரம் நடந்தால் ஏறாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். எத்திராஜ் நடக்க வேண்டும்.

"நான் நடந்தா துணியை யாரு தேய்க்கிறது?"

இப்படித்தான் டெலிபோன் ஃபேக்டரியின் முன்னாள் சீனியர் சூப்பர்வைசர், சனிக்கிழமை மதியம் இரண்டு மணி வெயிலில், நடுத்தெருவில், இஸ்திரிப் பெட்டியைக் கையில் பிடித்தார். வண்டியைச் சுற்றிச் சுற்றி எத்திராஜ் நடந்தார். போகிற ஒவ்வொருவரும் ஒருமுறை நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். எதிர்வீட்டுக் கில்பர்ட் மட்டும் பார்த்தும் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டார், அப்படிப்பட்ட பண்பு.

முதல் நாளே கிளெமென்ட் ஃபாதரின் வெள்ளை அங்கியில், சரியாக நெஞ்சுப் பக்கம், பெட்டி வடிவத்தில் ஒரு ஓட்டை போட்டார்.

ஃபாதர் மாலையே வீட்டுக்கு வந்தார். ஒரு கையில் அங்கி, இன்னொரு கையில் அரிசி மூட்டை. பின்னால் பங்கின் உதவிக் குழுவிலிருந்து இரண்டு பேர், பருப்பும் எண்ணெயும் சுமந்துகொண்டு.

"ரெஜினா, கஷ்டம்னா வாயைத் தொறந்து சொல்றதில்லையா? அறுபத்தெட்டு வயசுல மனுஷன் தெருவுல நின்னு இஸ்திரி போடுறாரே!"

ரெஜினா கணவரை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையில் இன்சுலின் ஊசி நாலு வேளை அல்ல, நாற்பது வேளை தெரிந்தது. கிளெமென்ட்டின் வாய் தானாகத் திறந்தது.

"தவம், ஃபாதர். திருவருகைக் காலத் தவம். ஒரு ஏழை உழைப்பாளிக்கு தினமும் அரை மணி நேரம் ஓய்வு குடுக்கலாம்னு."

ஃபாதர் அரிசி மூட்டையைக் கீழே வைத்தார். ஓட்டை விழுந்த அங்கியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். மறுநாள் ஞாயிறு பூசையில் பிரசங்கம் முழுக்க இதுதான். "இந்த மனிதரின் தவத்தில் நாமும் பங்குகொள்வோம். உங்கள் துணிகளை அவரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்!"

கொண்டுபோய்க் கொடுத்தார்கள். படுக்கை விரிப்பு, ஜன்னல் திரை, ஒரு வீட்டில் சோபா உறை. அரை மணி நேரத் தவம் நாலு மணி நேரத் தவமாயிற்று. பகலெல்லாம் நின்று இஸ்திரி, இருட்டியதும் முழந்தாளில் ஜெபமாலை, நடுவில் பாகற்காய். மழைமரத்தடியில் எத்திராஜ் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "காலர்ல சுருக்கு கீது பாருங்க சார்," என்று எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். பொழுதுபோகவில்லை என்றால் எழுந்து நடப்பார்.

ஆனால் கோடு பட்டைக்குள்ளேயே இருந்தது. நூற்றுப் பத்து, நூற்று முப்பது. பதினான்காவது நாளும் விடிந்தது. நாற்காலி பிழைத்தது.

ஞாயிறு காலை பதினோரு மணி. பங்கு மண்டபம். வெள்ளை விரிப்புப் போட்ட மேஜையில் பதினோரு கேக். கை வைத்த நாற்காலியில், கோட்டும் டையுமாக கிளெமென்ட். இரண்டடி தள்ளி ரெஜினா; ஒரு கையில் கிளெமென்ட்டின் ஃபோன், மடியில் கைப்பை. பையில் இன்சுலின் பேனா ஒன்று, விரலில் குத்திப் பார்க்கிற பழைய மெஷின் ஒன்று. எத்திராஜ் எங்கே என்று கேட்கிறீர்களா? மேஜை விரிப்புகளுக்குக் கடைசி நேர இஸ்திரி போட வேண்டும் என்று சொல்லி, பக்கக் கதவோரம் அவருக்கும் ஒரு சின்ன மேஜை ஏற்பாடாகியிருந்தது. கிளெமென்ட்டின் ஏற்பாடு.

முதல் கேக். கண்ணை மூடினார். மென்றார். மண்டபம் மூச்சை நிறுத்தியது. ஒரு வார இஸ்திரி, முழங்கால் வலி, பாகற்காய் எல்லாம் அந்த ஒரு கணத்தில் மறந்துபோனது. நாக்கில் ரம் மெதுவாக எழுந்து வந்து வணக்கம் சொல்லும் பாருங்கள், அதை அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்தான் சொல்ல முடியும்.

ஐந்தாவது கேக். ரெஜினா ஃபோனைப் பார்த்தார். தொண்ணூற்று நான்கு.

எட்டாவது கேக். தொண்ணூற்று மூன்று.

"ஃபாதர், இங்க பாருங்க! எட்டு கேக் சாப்பிட்டும் ஏறலை!"

ஃபாதர் பார்த்தார். மாதர் சங்கத் தலைவி எட்டிப் பார்த்தார். "ஜெபமாலை!" என்று கத்தினார். "எல்லாம் அந்த ஜெபமாலை!" பன்னிரண்டு பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். ஒருவர் கிளெமென்ட்டின் கோட்டு நுனியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பதினோராவது கேக்கையும் விழுங்கியபோது எண் தொண்ணூற்று இரண்டு. பிஷப்புக்குக் கடிதம் எழுதலாமா என்று ஃபாதர் யோசிக்கத் தொடங்கினார்.

அங்கே முடிந்திருக்க வேண்டிய கதை. ஆனால் "போட்டி முடிஞ்சதும் முழு கேக்" என்று கிளெமென்ட் சொல்லியிருந்தார் அல்லவா? பதினோராவது துண்டு உள்ளே போனதைப் பார்த்ததும் எத்திராஜ் பெட்டியை ஓரம் வைத்தார். மேஜைக் கோடியில் இருந்த ஒரு கேக்கைத் தட்டோடு எடுத்துக்கொண்டு, பக்கக் கதவு வழியாக நிதானமாக வெளியே போனார். மண்டபம் அற்புதத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால் அதை யாரும் கவனிக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் ரெஜினா ஃபோனைத் தட்டினார். "என்னங்க, சிக்னல் இல்லைங்குது? நீங்க இங்கதானே இருக்கீங்க?"

கிளெமென்ட் கையை ஃபோனுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். எதுவும் வரவில்லை. கையை ஃபோன்மேலேயே வைத்துத் தேய்த்தார். ஊஹும்.

எத்திராஜ் கத்தி எடுக்க உள்ளே வந்தார். ஃபோன் உயிர் பெற்றது. நூற்று நாற்பத்தொன்று; அம்புக்குறி மேலே பார்த்தது.

"வந்துடுச்சு! ஆனா ஏறுதே!"

எத்திராஜ் கத்தியோடு வெளியே போனார். சிக்னல் போயிற்று. தண்ணீர் குடிக்க உள்ளே வந்தார். நூற்று எழுபது. வெளியே போனார். போயிற்று.

ரெஜினா இருபத்தெட்டு வருடம் கணக்கு டீச்சராக இருந்தவர். ஃபோனைப் பார்த்தார். கணவரைப் பார்த்தார். பக்கக் கதவைப் பார்த்தார்.

"எத்திராஜ், கொஞ்சம் உள்ள வாப்பா."

வந்தார். நூற்று எண்பத்தாறு.

"இப்ப வெளிய போ. இன்னும் தூரமா. கேட் வரைக்கும்."

போனார். சிக்னல் இல்லை.

"இப்ப வா."

மண்டபமே கதவுப் பக்கம் திரும்பியது. எத்திராஜ் உதட்டோரத்தில் கேக் தூளோடு நடந்துவந்தார். அவர் ஒவ்வொரு அடி வைக்க வைக்க, ரெஜினாவின் கையிலிருந்த ஃபோன் சந்தோஷமாகக் கூவியது.

"சட்டைக் கையை மேல சுருட்டு," என்றார் ரெஜினா.

"நக்கோ மேடம், வேணாம், சாரையே கேளுங்க," என்றார் எத்திராஜ். ஆனாலும் சுருட்டினார்.

பொத்தான் பளிச்சென்று இருந்தது.

ரெஜினா கைப்பையிலிருந்து பழைய மெஷினை எடுத்தார். ஃபாதர், மாதர் சங்கம், பதினோரு குடும்பங்கள் முன்னிலையில் கிளெமென்ட்டின் விரலைப் பிடித்துக் குத்தினார். ஐந்து விநாடி.

நானூற்றுப் பதினெட்டு.

"ஜெபமாலை," என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள்.

கோட்டைக் கழற்றி, அங்கேயே ஒரு ஊசி. அன்று முதல் நாலு வேளை. புதுப் பொத்தானை ரெஜினாவே தன் கையால் ஒட்டி, அதன்மேல் பேனாவால் கையெழுத்தும் போட்டுவிட்டார். கை வைத்த நாற்காலியை ஃபாதர் கில்பர்ட்டுக்குக் கொடுத்தார். கில்பர்ட் மூன்று தடவை மறுத்துவிட்டு, நாலாவது தடவைதான் உட்கார்ந்தார். மண்டபமே கை தட்டியது.

இதுதான் நடந்தது. ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. இருந்தாலும் சத்தியம் செய்து எழுதுகிறவனுக்குச் சாட்சி வேண்டும் அல்லவா? நேற்று மழைமரத்தடிக்குப் போய், வண்டியருகில் நின்று, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை எத்திராஜுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் ஒரு காலரைத் திருப்பிப் போட்டுத் தண்ணீர் தெளித்தபடியே முழுசாகக் கேட்டார். பிறகு பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சொன்னார்:

"எல்லாம் கரெக்ட்டா எழுதிக்கிறீங்க. ஆனா பேரு மட்டும் மாறிக்கீது. கிளெமென்ட் சாருக்கு சுகரே கிடையாதே, கில்பர்ட் சார்?"